கைச்செம்பு

ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்காதீர்கள் தம்பி. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு போனில் அவ்வளவு சத்தமாகப் பேசினால் நான் காதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? வீட்டம்மாவிடம்தானே பேசினீர்கள்? "அந்தக் குற்றாலிங்கத்துக்குப் பணம் கட்டலாமா, வேண்டாமா? பூர்வீகத்தைத் தேடி நமக்கு என்ன ஆகப்போகுது?" என்றீர்கள். அந்தப் பேரைக் கேட்டதும்தான் திரும்பினேன்.

ஒல்லியாக இருப்பார், தோளில் துணிப்பை, பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார். ஓலை படிப்பார், பழைய பத்திரம் படிப்பார். அவர்தானே? அவர்தான். இந்தப் பக்கத்தில் ஏழு தலைமுறையைத் தோண்டி எடுத்துக் கொடுக்கிறவர் அவர் ஒருத்தர்தான்.

நானும் அவருக்குப் பணம் கொடுத்தவன். கொடுக்கலாமா வேண்டாமா என்று நான் சொல்கிறேன். பஸ் இன்னும் மானூர் தாண்டவில்லை. நான் தேவர்குளத்துக்கு அப்பால், பாறைக்குளம் விலக்கில் இறங்க வேண்டியவன். நேரம் இருக்கிறது. அந்தச் சாக்குப் பொட்டலம் உங்கள் காலில் இடிக்கிறதா? கொஞ்சம் சன்னல் பக்கமாகச் சாத்திக்கொள்ளுங்கள். கோயிலுக்குப் போகிற சாமான். கீழே போடக் கூடாது.

என் பேர் பலவேசம். எங்கள் வீட்டில் மூத்த பிள்ளைக்கு அந்தப் பேர்தான் விடுவார்கள். தாத்தா பலவேசம், அவருடைய தாத்தா பலவேசம். நாற்பது வருஷம் வாழைக்காய் மண்டியில் தார் வெட்டினேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. பஸ்ஸில் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் எழுத்து என்னைக் கண்டால் ஓடும், நான் அதைக் கண்டால் ஓடுவேன்.

எங்களுக்கு இளையசாமி கோயில். ஊருக்கு வெளியே, குளத்து மடைக்குப் பக்கத்தில். ஒரு பீடம், ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். கோயிலுக்கு இரண்டு வீட்டுக்காரர்கள். பெரிய வீடு நாங்கள். சின்ன வீடு தளவாய். சிரிக்காதீர்கள், அந்தச் சின்ன வீடு இல்லை. தளவாய் எனக்குப் பங்காளி, தம்பி முறை. ஏழு வயசு இளையவன்.

சித்திரை கடைசிச் செவ்வாய் கொடைத் திருவிழா. மதியக்கொடைக்குப் பொங்கல் இறக்கினதும் பூசாரி ஒரு வெண்கலச் செம்பில் தண்ணீர் கொண்டுவருவார். அதற்குக் கைச்செம்பு என்று பேர். கூட்டத்தைத் தாண்டி, பெரிய மனுஷன் பணக்காரன் எல்லோரையும் தாண்டி, நேராக எங்கள் வீட்டு ஆள் முன்னால் வந்து நிற்பார். நாங்கள் முழங்கை வரைக்கும் மூன்று தடவை கழுவ வேண்டும். கழுவினதற்கு அப்புறம்தான் படையல், தீபம், திருநீறு எல்லாம். அதுவரைக்கும் ஊரே மூச்சு விடாமல் நிற்கும். என் தாத்தா கழுவினார். என் அப்பா கழுவினார். நான் கழுவினேன்.

இன்னொன்றும் உண்டு. கொடைக்கு வில்லுப்பாட்டு வைப்போம். சாமி பிறந்த கதை, வளர்ந்த கதை, கல்யாணக் கதை. கல்யாணம் முடிந்து சாமி மடைக்குத் தண்ணீர் பார்க்கப் போகிற இடம் வரும். அப்போது எங்கள் வீட்டு ஆள் எழுந்து இப்படிக் கையை உயர்த்த வேண்டும். உடனே வில்லு நின்றுவிடும். வில்லுக்காரருக்கு வேட்டியும் வெற்றிலையும் கொடுத்து அனுப்பிவிடுவோம். இந்த ஜில்லாவில் எந்தக் கோயிலிலாவது பாடுகிற பாட்டைப் பாதியில் நிறுத்தச் சொல்கிற உரிமை ஒரு குடும்பத்துக்கு இருக்கிறதா? கேட்டுப்பாருங்கள். கிடையாது. எங்களுக்கு இருந்தது.

அதைத்தான் தளவாய் கெடுத்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கொடை. பொங்கல் பானையை இறக்குகிற இடத்தில் நின்றிருக்கிறான். கையெல்லாம் கரி. பூசாரி செம்போடு என்னைப் பார்த்து வருகிறார். நடுவில் இவன் கையை நீட்டினான். பூசாரி என்ன ஏது என்று பார்க்கிறதற்குள் செம்பைச் சரித்துக் கையைக் கழுவிவிட்டான். ஊர் பார்க்க. நான் கையை நீட்டியபடி நிற்கிறேன், என் கையில் தண்ணீர் விழவில்லை.

"தெரியாமக் கழுவிட்டேண்ணே. கரியா இருந்துச்சு. தப்பா எடுத்துக்கிடாத" என்றான்.

தெரியாமல் யாராவது கை கழுவுவார்களா தம்பி? நீங்கள் சொல்லுங்கள்.

அவன் எப்பவுமே அப்படித்தான். நல்லவன் மாதிரிச் செய்வான், உள்ளே ஒன்று இருக்கும். எனக்கு மாரடைப்பு வந்தபோது அவன் வேனில்தான் என்னைத் தூக்கிக்கொண்டு போனான். மூன்று நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான். எதற்கு? 'பலவேசத்தைக் காப்பாத்தினது தளவாய்' என்று ஊர் சொல்ல வேண்டும். அதற்கு. என் மகள் கல்யாணத்துக்குப் பந்தல்காரனைக் கூட்டிவந்ததும் அவன்தான். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. நான் எதையும் மறக்கிறவன் இல்லை.

அடுத்த கொடையிலிருந்து ஊரில் பேச்சு வந்துவிட்டது. செம்பு பெரிய வீட்டுக்கா, சின்ன வீட்டுக்கா? யாருக்கு உரிமை என்று எதில் எழுதியிருக்கிறது? இரண்டு வருஷம் பூசாரி செம்பைக் கீழே வைத்துவிட்டு, "யாராவது கழுவுங்க" என்று போய்விட்டார். கோயில் நாய் கூட அதில் வாய் வைத்தது.

எழுத்தில் இருந்தால்தானே கேட்பீர்கள், கொண்டுவருகிறேன் என்று போனேன் குற்றாலிங்கத்திடம்.

கேட்ட பணத்தைக் கொடுத்தேன். பேரம் பேசவில்லை. அவர் நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு பேர் பேராகக் கேட்டார். யாருக்கு யார் பிறந்தது, எந்த ஊரில் பெண் எடுத்தது, யார் எப்படிச் செத்தது. எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கண்ணையும் மூடிக்கொண்டார்.

"சாமி பேரு இளையசாமிங்கியளே. அப்போ மூத்தவன் யாரு?"

எனக்கு அறுபத்தெட்டு வயசு. அதுவரைக்கும் அந்தக் கேள்வியை நானும் கேட்டதில்லை, என்னிடம் யாரும் கேட்டதில்லை. சாமி பேர் என்றால் சாமி பேர். சுடலைமாடன் என்றால் எந்தச் சுடலை என்றா கேட்கிறோம்?

"அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்ககிட்ட வந்திருக்கேன்" என்றேன்.

"தேடுதேன். ஆனா ஒண்ணு அண்ணாச்சி. நல்லது கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். கிடைக்கிறதைத்தான் எழுதுவேன். ஒரு வரி கூட்ட மாட்டேன், ஒரு வரி குறைக்க மாட்டேன். யோசிச்சுக்கோங்க. இப்ப வேணாம்னாலும் பணத்தைத் திருப்பித் தாரேன்."

இதை உங்களிடமும் சொல்லியிருப்பாரே? எல்லோரிடமும் சொல்கிறதுதான். நானும் சரி என்றேன்.

எட்டு மாசம் அலைந்தார். எங்கள் பழைய வில்லுக்காரர் வழியில் வந்தவர்கள் இப்போது கயத்தாறு பக்கம் இருக்கிறார்களாம். அவர்கள் வீட்டுப் பரணில் ஓலைக்கட்டு இருந்திருக்கிறது. பாட்டு முழுசும் அதில் இருந்திருக்கிறது. நாங்கள் நிறுத்தச் சொன்ன பாதியும் சேர்த்து. ஊர்க்கூட்டம் எழுதிவைத்த முறி ஓலையும் அதோடேயே கிடந்திருக்கிறது.

தை மாசம் கூப்பிட்டு ஆறு பக்கம் கொடுத்தார். நான் கடைசிப் பக்கத்தை எடுத்தேன். கடைசி வரியில் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'ஆகவே கைச்செம்பு மூத்தவர் வழிக்கே உரியது.' மறுபடியும் படித்தேன். மூன்று தடவை படித்தேன் தம்பி. என் நெஞ்சு நிறைந்துவிட்டது.

அவர், "அண்ணாச்சி, முன்னால இருக்கிறதையும் ஒரு தடவை சொல்லிருதேன், கேளுங்க" என்றார்.

நான் எழுந்து கையை உயர்த்தினேன். போதும்.

அவர் என் கையையே பார்த்தார். பார்த்துவிட்டு, "இதை ஊர்ல வாசிக்காதீங்க. வீட்ல வச்சு, படிக்கத் தெரிஞ்ச பிள்ளைகளைக் கொண்டு முதல்ல நீங்க கேளுங்க" என்றார். படித்தவர்களுக்கு எப்பவும் பயம். எழுதிக் கொடுக்கவும் செய்வார்கள், கொடுத்ததற்குப் பயப்படவும் செய்வார்கள்.

பங்குனியில் கோயில் வரிக்கூட்டம். வேப்பமரத்தடியில் ஊரே இருக்கிறது. நான் பேப்பரைத் தூக்கிக் காட்டினேன். "இதுல இருக்கு. யார் படிக்கிய?" என்றேன். வார்டு மெம்பர் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. தளவாய்க்கு ஒரு மகள், செந்தூர்க்கனி. பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்கிறாள். அவளைக் கூப்பிட்டேன். சின்ன வீட்டு வாயாலேயே செம்பு பெரிய வீட்டுக்கு என்று வரட்டும். யோசனை எப்படி?

பிள்ளை நன்றாகத்தான் படித்தாள். மணி மாதிரிக் குரல். அண்ணன் தம்பி இரண்டு பேர் இந்த ஊருக்கு வந்தது, குளம் வெட்டினது, மடை போட்டது. மூத்தவர் பேர் பலவேசம் என்று அவள் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மடைத் தண்ணீர் யாருக்கு முதலில் என்று இரண்டு பேருக்கும் மனக்கசப்பு. ஊர் கூடி இளையவருக்கு முறை விட்டது. அப்படியே படித்துக்கொண்டே வந்தாள். "இளையவர் வயலிலிருந்து வந்து மடையில் குனிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது மேற்படி பலவேசம்" என்றவள் நிறுத்திவிட்டாள்.

"பெரியப்பா, மிச்சத்தை வீட்ல வச்சுப் பார்த்துக்கிடலாம்."

"படி தாயி."

"வேண்டாம் பெரியப்பா. சொன்னாக் கேளுங்க."

"பார்த்தியளா, செம்பு கையை விட்டுப் போகுதுன்னதும் தளவாய் மகளுக்கு நாக்கு ஒட்டிக்கிட்டு" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் தன் அப்பனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அழுதுகொண்டே படித்தாள். மேற்படி பலவேசம் பின்னாலிருந்து அரிவாளால் வெட்டினார். மடைத் தண்ணீரிலேயே கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். அதற்கப்புறம் ஊரில் மழை இல்லை. பிறந்த பிள்ளை தங்கவில்லை. இளையவருக்குப் பீடம் போட்டுச் சாமியாக்கினார்கள். மூத்தவர் வழியில் பிறக்கிற ஒவ்வொருவனும் அந்தப் பீடத்துக்கு முன்னால், ஊர் பார்க்க, முழங்கை வரைக்கும் கழுவ வேண்டும். கழுவாத கை படையலைத் தொடக் கூடாது. பாட்டில் அந்தச் சாவைக் கேட்கப் பயந்து, மூத்தவர் மகன் முதல் கொடையிலேயே கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தினான். ஆகவே கைச்செம்பு மூத்தவர் வழிக்கே உரியது.

கடைசி வரியை அவள் படித்தது எனக்குத்தான் கேட்டது. ஊர் காதில் விழவில்லை.

அப்புறம் டீக்கடைச் சப்பாணிமுத்து பின்னாலிருந்து கேட்டான்: "அண்ணாச்சி, நாப்பது வருஷமாக் கழுவுதீரே. கறை போயிட்டா?"

சிரித்தார்கள் தம்பி. ஆம்பளை, பொம்பளை, கைப்பிள்ளை எல்லாம் சிரித்தது.

வெட்டினார், சரி. யார் இல்லை என்றது? வெட்டாமல் ஒரு ஆள் சாமி ஆவானா? என் பாட்டன் கை ஓங்கியிராவிட்டால் இந்த ஊருக்குச் சாமியே கிடையாது, கொடை கிடையாது, இவர்கள் வந்து சிரிக்க ஒரு வேப்பமரத்தடி கிடையாது. அதை யோசிக்க ஒருத்தனுக்கும் புத்தி இல்லை. அந்த ஆறு பக்கத்தில் என்ன முடிவு? செம்பு எங்களுக்கு. கேட்டது அதுதானே? கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது. தோற்றவன் தளவாய். ஆனால் சிரிப்பு என் மேல். இது எந்த ஊர் நியாயம்?

அவன் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சிரித்திருந்தால் அதோடு போயிருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டான். இந்தக் கையை. "விடுண்ணே. நம்ம ரெண்டு பேரும் பார்த்த கதையா அது? இந்தக் கொடைக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே கழுவுவோம். நீ ஊத்து, நான் கழுவுதேன். நான் ஊத்துதேன், நீ கழுவு. அதோட தீர்ந்துச்சு" என்றான்.

நான் கையை உருவிக்கொண்டேன்.

"பாட்டையும் முழுசாப் பாடச் சொல்லியிருக்கேன். கயத்தாத்து ஆளுகளே வாராங்க. பாடினாத்தான் ஆறும்னு குற்றாலிங்கம் ஐயா சொன்னாரு."

"நான் கையை உயர்த்தினா?"

"உயர்த்தாதண்ணே" என்றான். கெஞ்சுகிற மாதிரிச் சொன்னான். ஆனால் அர்த்தம் என்ன? நீ உயர்த்தினாலும் நிற்காது என்றுதானே? இருநூறு வருஷம் நின்ற பாட்டு, என் காலத்தில் நிற்காது. என் கையைக் கண்டு நிற்காது.

அன்றைக்கு ராத்திரியே என் வீட்டுக்காரி மகள் வீட்டுக்குக் கடையநல்லூர் போய்விட்டாள். பேரனைப் பார்க்கவாம். அவள் போனதிலிருந்து என் பழைய தார் வெட்டுகிற அரிவாளையும் காணோம். அடுக்களை, மாட்டுத்தொழு, வைக்கோல் படப்பு எல்லாம் தேடிவிட்டேன். எங்கேயோ எடுத்துவைத்துவிட்டு மறந்திருக்கிறாள். வயசானால் மறதி. போன் போட்டுக் கேட்டேன். அழுகிறாள். ஒரு அரிவாளை எங்கே வைத்தாய் என்று கேட்டால் அழுவார்களா?

சரி, போகட்டும் என்று புதுசாகவே அடிக்கச் சொல்லிவிட்டேன். உங்கள் பக்கத்தில் சாத்தியிருக்கிறதே, அதுதான். நேர்ச்சை அரிவாள். சாமிக்கு வேண்டிக்கொண்டு கொடுக்கிறது. காலையில் டவுனில் போய் வாங்கிக்கொண்டு இந்த பஸ்ஸைப் பிடித்தேன். கொல்லர் கேட்டார்: "நேர்ச்சைக்குப் பீடத்தில சாத்தப்போறது. அதுக்கு எதுக்கு அண்ணாச்சி சாணை?" எல்லோரும் மொட்டையாகத்தான் வாங்குவார்களாம். நான் சொன்னேன், சாமி கையில் மொட்டை அரிவாளைக் கொடுக்கலாமா, மரியாதையா அது? பிடியும் என்றேன். இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துப் பிடிக்கச் சொன்னேன்.

என்ன நேர்ச்சை என்று கேட்காதீர்கள். வெளியே சொன்னால் பலிக்காது.

இருங்கள், போன். மகள்தான். காலையிலிருந்து ஏழு தடவை அடித்துவிட்டாள். அடிக்கட்டும். பொம்பளைப் பிள்ளைக்குக் கோயில் காரியத்தில் என்ன பேச்சு? குற்றாலிங்கமும் நேற்று அடித்தார். "அண்ணாச்சி, இந்தக் கொடைக்கு நீங்க போகவேண்டாமே" என்றார். "ஏன்?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டிருப்பார். "அந்தப் பணத்தைத் திருப்பித் தந்துருதேன்" என்றார். பாருங்கள், எவ்வளவு நேர்மையான மனுஷன். அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் தாராளமாகப் பணம் கட்டலாம். ஏமாற்ற மாட்டார். ஒரு வரி கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். உங்கள் வீட்டில் மூத்தவர் நீங்களா? தம்பி உண்டா? பேச்சுவார்த்தை இருக்கிறதா? இருக்கிறதா. நல்லது. நல்லது. அப்படி என்றால் கொஞ்சம் யோசித்துக் கட்டுங்கள்.

தேவர்குளம் போய்விட்டதா? பேச்சில் கவனிக்கவில்லை. அடுத்தது என் விலக்குதான்.

நேரம் சரியாக இருக்கும். மதியக்கொடைக்குப் பொங்கல் இறக்குகிற நேரம். இன்றைக்கு என்னைத்தான் முதலில் ஊற்றச் சொல்லியிருக்கிறான் தளவாய். செம்பு என் கையில் இருக்கும். அவன் குனிந்து கையை நீட்டிக்கொண்டு நிற்பான். அப்புறம் என் முறை. நான் கழுவுவேன். முழங்கை வரைக்கும், மூன்று தடவை, ஊர் பார்க்க. இந்தத் தடவை சப்பாணிமுத்து கேட்கட்டும், போயிட்டா என்று. நாற்பது வருஷம் ஒன்றும் இல்லாத கையைக் கழுவியிருக்கிறேன் தம்பி. கழுவுவதற்கு ஏதாவது இருந்தால்தானே செம்புக்கு மரியாதை?

அதோ, புளியமரத்தடியில் பைக்கில் உட்கார்ந்து பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருக்கிறானே, வெள்ளை வேட்டி, அவன்தான் தளவாய். "வெயில்ல நடந்து வராதண்ணே, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று காலையில் போன் பண்ணினான். சரி, வா என்றேன். நான் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். கையைக் காட்டுகிறான் பாருங்கள். என்ன சிரிப்பு.

வருகிறேன் தம்பி. அந்தச் சாக்குப் பொட்டலத்தை எடுத்து இப்படிக் கொடுங்கள். பார்த்து, பார்த்து. அந்தப் பக்கம் பிடிக்காதீர்கள்.